எடை குறைஞ்ச லேப்டாப்: எதை விட்டுக்கொடுக்கலாம், எதை விடவே கூடாது

ஒரு கிலோ, ஒண்ணேகால் கிலோ எடையில வர்ற மெல்லிசு லேப்டாப்பை மட்டுமே வச்சுக்கிட்டு முழுநேர வேலை பார்க்கிறவன் நான், இது பல வருஷமா ஓடுது. எழுதறது, பிழை திருத்தறது, பக்கம் வடிவமைக்கிறது, நடுநடுவுல ரெக்கார்ட் பண்ணின பேட்டியை வெட்டி ஒட்டறது, இதுதான் வேலை, அதுல பாதி வீட்டுக்கு வெளியில தான் நடக்கும், பஸ்ல, ரயில்ல, யாரோ ஒருத்தர் ஆபீஸ்ல ஓரமா ஒதுக்கிக் கொடுக்கிற மேஜையில. அதனால இந்த வகை லேப்டாப் வாங்கலாமா வேண்டாமான்னு தெரிஞ்சவங்க நிறைய பேர் கேப்பாங்க. எந்த மாடல்னு நான் உடனே சொல்றதில்ல. வாங்கினதுக்கு அப்புறம் எவ்வளவு செலவு பண்ணினாலும் சேர்க்க முடியாதது எது, ஒரு கேபிளோ ஒரு சின்ன டப்பாவோ வாங்கி சமாளிச்சுக்க முடியறது எது, இதை முதல்ல பிரிச்சுப் பாருங்கன்னு தான் சொல்வேன். எடை குறையுதுன்னா எங்கேயோ எதையோ எடுத்திருக்காங்க, அந்த எடுத்த பொருள் உங்க வேலைக்கு உயிரா இல்லையாங்கிறது தான் விஷயமே.

முதல்ல எடையைப் பத்தியே பேசிடறேன், ஏன்னா எல்லாரும் லேப்டாப்போட எடையைப் பாக்கிறாங்க, தோள்ல தொங்கப்போறது லேப்டாப் இல்ல, பை. என் பையை ஒரு தடவை மொத்தமாக் கொட்டி ஒவ்வொண்ணா தராசுல வச்சுப் பார்த்தேன். லேப்டாப் ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் கீழ. கூட வந்த சார்ஜரும் சுவத்துல சொருகற அந்த தடி ஒயரும் சேர்ந்து 300 கிராமுக்கு மேல. கூடுதல் போர்ட் தர்ற ஹப் ஒரு 80 கிராம், மௌஸ் 90, பஞ்சு வச்ச உறை 200க்குப் பக்கத்துல, அப்புறம் எப்பவோ போட்டு மறந்து போன கேபிள் சுருள் தனி. பையே காலியா ஒரு கிலோ தாண்டுது! அதாவது 200 கிராம் குறைவான மாடலுக்காக மாசக்கணக்குல ஆராய்ச்சி பண்ணிட்டு அதே 200 கிராமை உறையில தூக்கிட்டுத் திரியறோம். சார்ஜரை மட்டும் கேலியம் நைட்ரைடுங்கிற பொருளை வச்சு செஞ்ச சின்ன 65 வாட் சார்ஜரா மாத்தினேன், அது 120 கிராம் சுமார், போனுக்கும் அதுவே போதும், உறையை எடுத்துட்டு பையிலயே தடுப்பு இருக்கிற லேசான பையா மாத்தினேன், மொத்த எடையில கிட்டத்தட்ட ஒரு கிலோ இறங்கிடுச்சு, லேப்டாப்பைத் தொடவே இல்ல. அதனால இப்ப உங்ககிட்ட 1.6 கிலோ லேப்டாப் இருந்து தோள் வலிக்குதுன்னா புதுசு வாங்கறதுக்கு முன்னாடி பையைக் கொட்டிப் பாருங்க. ஒரு லிட்டர் தண்ணி பாட்டிலே ஒரு கிலோ, அதையும் கணக்குல சேருங்க.

அதுக்காக எடை முக்கியமில்லன்னு சொல்லவே மாட்டேன். 2 கிலோ மெஷினைத் தூக்கிட்டுப் போறவங்க மூணாவது நாள் அதை வீட்லயே வச்சுட்டுப் போயிடுவாங்க, ஒரு கிலோ மெஷின் எப்பவும் கூடவே இருக்கும், வேலை அங்க இங்க கிடைக்கிற இருபது நிமிஷத்துல முடியும். ஒத்தைக் கையில திறந்த நிலையிலயே தூக்கிட்டு ஒரு ரூம்லேர்ந்து இன்னொரு ரூமுக்கு நடக்கலாம். இந்த சுகம் பழகினவங்களுக்குத் தான் தெரியும்.

மெல்லிசு வேற, லேசு வேற, இதைப் பலர் ஒண்ணாப் போட்டுக் குழப்பிக்கிறாங்க. 2008 ஜனவரியில ஸ்டீவ் ஜாப்ஸ் மேடையில ஒரு காகித உறைக்குள்ளேர்ந்து மேக்புக் ஏரை உருவினாரே, அது பார்க்கத் தான் தகடு, எடை 1.36 கிலோ. அதுக்கு முந்தின வருஷமே வந்த ஆசுஸ் ஈ பிசி பார்க்க குண்டு, ஆனா 900 கிராம் சொச்சம் தான், 7 இஞ்ச் ஸ்கிரீன், 4 ஜிபி ஸ்டோரேஜ். பையில வைக்கும்போது உங்களுக்கு உபயோகப்படறது லேசு தான், மெல்லிசு பெரும்பாலும் கண்ணுக்கு. நிறைய தொந்தரவு வர்றதும் மெல்லிசாலே தான், சூடு வெளியேற இடம் இல்லாதது, கீ அழுத்த ஆழம் இல்லாதது, போர்ட் வைக்க உயரம் இல்லாதது. 15 மில்லிமீட்டருக்குப் பதிலா 18 மில்லிமீட்டர் இருந்து எடை அதேன்னா நான் யோசிக்காம 18ஐ எடுப்பேன்.

லேசு எப்படி வருதுன்னும் பாக்கணும். அலுமினியத்தை விட மக்னீசியம் கலவை மூணுல ஒரு பங்கு லேசு, கார்பன் ஃபைபரும் அப்படித்தான், அதனால ஒரு கிலோவுக்குக் கீழ போற மாடல்கள் பெரும்பாலும் இந்த ரெண்டுல ஒண்ணா இருக்கும். எல்ஜி கிராம் 17 இஞ்ச் ஸ்கிரீனை வச்சுக்கிட்டே 1.35 கிலோ சுமாருக்கு வந்துச்சு, ஃபுஜிட்சு 13.3 இஞ்ச்ல 634 கிராமுக்கே ஒண்ணு கொண்டு வந்தாங்க. இதெல்லாம் கையில எடுத்தா பிளாஸ்டிக் பொம்மையோன்னு தோணும், மூடியோட ஒரு முனையைப் பிடிச்சா லேசா வளையும், கீபோர்ட் நடுவுல அழுத்தினா உள்ள அமுங்கும். பயப்படத் தேவையில்ல, வளையறதுங்கிறது உடையறது இல்ல. கனமா கல்லாட்டம் இருக்கிற அலுமினியம் கீழ விழுந்தா முனை நசுங்கி அப்படியே நிக்கும். ஆனா ஒரு விஷயத்துல ஜாக்கிரதை, மெல்லிசு மூடி மேல பையில புத்தகமோ டிபன் டப்பாவோ அழுத்திட்டே இருந்தா ஸ்கிரீன் கீபோர்டோட உரசி கீ வரிசை அச்சு கண்ணாடியில விழும், கடைசியில பேனலே போகும். எப்பவும் மூடிப்பக்கம் முதுகைப் பார்த்து இருக்கிறபடி வையுங்க, முதுகுப்பக்கம் வேற எதையும் திணிக்காதீங்க.

பேட்டரி. கம்பெனிக்காரங்க சொல்ற மணி நேரத்தை விட்டுத்தள்ளுங்க, பேட்டரியில எவ்வளவு மின்சாரம் நிக்கும்னு சொல்ற வாட் ஹவர்னு ஒரு எண் இருக்கும், அதை எடுங்க. எழுதறது, பிரவுசர், சுமாரான வெளிச்சம், இப்படி வேலை பார்க்கும்போது நல்ல பிராசசர் சிப் உள்ள சின்ன லேப்டாப் சராசரியா 5லேர்ந்து 8 வாட் இழுக்கும். 50 வாட் ஹவர் பேட்டரின்னா 6 மணி நேரம் சொச்சத்துலேர்ந்து 10 மணி நேரம் வரைக்கும். வீடியோ கால் வந்தா 12, 15 வாட்னு ஏறும், அப்ப அதே பேட்டரி மூணேகால்லேர்ந்து நாலு மணி நேரம் தான். இந்த ஒரு வகுத்தல் கணக்கு தெரிஞ்சா எந்த விளம்பரமும் உங்களை ஒண்ணும் பண்ண முடியாது. 50 வாட் ஹவர் பேட்டரியோட எடை கால் கிலோ சுமாருக்கு வரும், லேப்டாப்புக்குள்ள இருக்கிற பாகங்கள்லயே கனமானதுல அது ஒண்ணு, அதனால எடையைக் குறைக்கணும்னு நினைக்கிறவங்க முதல்ல கை வைக்கிறது அங்கதான். ஒரே மாடல் ரெண்டு பேட்டரி அளவுல கிடைக்கும், விளம்பரத்துல போட்டிருக்கிற எடை சின்ன பேட்டரியோடது, விளம்பரத்துல போட்டிருக்கிற மணி நேரம் பெரிய பேட்டரியோடது. ரெண்டும் ஒரே மெஷின்ல கிடைக்காது, கீழ பொடி எழுத்துல இருக்கும், படிச்சுப் பாருங்க.

பவர் பேங்க் வச்சு சமாளிக்கலாமேன்னா, சமாளிக்கலாம். யுஎஸ்பி சி வழியா சார்ஜ் ஏறற மெஷினா இருக்கணும், பவர் பேங்க்கும் 45 வாட்டோ 65 வாட்டோ தரக்கூடியதா இருக்கணும். 20,000 மில்லி ஆம்பியர் ஹவர்னா 3.7 வோல்ட்டால பெருக்கி 74 வாட் ஹவர், அதுல கொஞ்சம் சூடாவே போயிடும், மீதி உங்க லேப்டாப்பை ஒரு தடவை நிரப்பும். ஆனா அது 400 கிராம் சுமார் எடை. தினமும் அதைத் தூக்கணும்னா ஆரம்பத்துலயே 200 கிராம் கூடுதலா இருக்கிற பெரிய பேட்டரி மாடல் வாங்கறது தான் லாபம், எப்பவாவது ஒரு நாள் தான் தேவைன்னா பவர் பேங்க் சரி. விமானத்துல போறவங்க 100 வாட் ஹவர்ங்கிற எல்லையை ஞாபகம் வச்சுக்கணும், அதுக்கு மேல போனா விமானக் கம்பெனி அனுமதி வேணும், பவர் பேங்க்கை கைப்பையில தான் வைக்கணும், செக் இன் பெட்டியில போடவே கூடாது.

இப்ப சூடு, என்னைக் கேட்டா இந்த வகை மெஷின்ல ரொம்ப தப்பாப் புரிஞ்சுக்கப்படற விஷயம் இதுதான். கடையில திறந்து பார்த்தா எல்லாமே பறக்கும், ஏன்னா புது சிப் எல்லாம் கொஞ்ச நேரத்துக்கு தன் அளவை விட மூணு மடங்கு நாலு மடங்கு கரெண்ட் இழுத்து ஓடற மாதிரி தான் செஞ்சிருக்காங்க. 15 வாட்டுனு பேர் போட்ட சிப் முதல் அரை நிமிஷம் 40, 50 வாட் வரைக்கும் போகும், அப்புறம் உடம்பு சூடாகும், 15க்கோ அதுக்கும் கீழயோ இறங்கும். ஆரம்பத்துல ஓட்டமா ஓடிட்டு பாதி தூரத்துல மூச்சு வாங்கி நடக்கிற ஆள் தான் அது. ஒரு ஃபைல் திறக்கிறது, ஒரு பக்கம் லோடு ஆகறது, இதெல்லாம் அரை நிமிஷத்துக்குள்ள முடியற வேலை, அதனால எனக்கு வித்தியாசமே தெரியாது. ஒரு மணி நேரப் பேட்டியில இரைச்சலை எடுத்துட்டு ஃபைலா எக்ஸ்போர்ட் பண்ணும்போது தான் தெரியும், முதல் பத்து சதவீதம் மடமடன்னு போகும், அதுக்கு அப்புறம் கோடு நகர்றதே கண்ணுக்குத் தெரியாது, கீபோர்டுக்கு மேல இருக்கிற பட்டையில விரல் வைக்க முடியாது.

அதனால விமர்சன வீடியோவுல முதல் ஓட்டத்துக்கு வர்ற எண்ணைப் பார்க்காதீங்க, பத்துப் பதினைஞ்சு நிமிஷம் தொடர்ந்து ஓட்டின பிறகு வர்ற எண்ணைப் பாருங்க, அதுதான் உங்க மெஷினோட உண்மையான வேகம். ஃபேனே இல்லாத மாடல்களும் உண்டு, 2020 கடைசியில வந்த எம்1 மேக்புக் ஏர் அப்படி, 1.29 கிலோ, சத்தமே கிடையாது. அதே சிப்பை ஃபேனோட வச்ச 13 இஞ்ச் ப்ரோவும் அதே சமயத்துல வந்துச்சு, சின்ன வேலைகள்ல ரெண்டும் ஒண்ணுதான், நீளமான வேலைகள்ல ஃபேன் உள்ளது தாக்குப்பிடிக்கும், இல்லாதது இறங்கும். எனக்கு ஃபேன் இல்லாதது பிடிக்கும், ஆடியோ ரெக்கார்ட் பண்ணும்போது மைக்ல ஒரு சத்தமும் ஏறாது, தூசி அடைக்காது. ஆனா வெயில் காலத்துல ஏசி இல்லாத ரூம்ல உக்காந்து வேலை பார்க்கிறவங்க ஒரு கணக்கு போட்டுக்கணும், அறையே 35 டிகிரின்னா மெஷினுக்கு சூட்டைத் தள்ள இடமே குறைவு, குளிர்ந்த ஸ்டூடியோவுல எடுத்த எண்கள் உங்களுக்குக் கிடைக்காது. மடியில வச்சு வேலை பார்க்கிறவங்க அடிப்பக்கம் காத்து இழுக்கிற துளை எங்க இருக்குன்னு வாங்கறதுக்கு முன்னாடியே திருப்பிப் பாருங்க, அடியில இருந்தா தலகாணி மேலயும் போர்வை மேலயும் வைக்கவே கூடாது, பக்கவாட்டுலயோ கீல் பக்கமோ இருந்தா பிழைச்சீங்க.

தெரிஞ்ச ஒருத்தர் வீடியோ எடிட் பண்றவர், என் மெஷினைப் பார்த்துட்டு அதேதான் வேணும்னு நின்னார். வேண்டாம்னு ரொம்ப நேரம் பேசினேன், கேக்கலை, அப்புறம் என் மெஷினையே ரெண்டு நாள் கொடுத்து உங்க வேலையை இதுல பாருங்கன்னேன். ரெண்டாவது நாள் சாயங்காலம் கொண்டு வந்து கொடுத்துட்டு 1.6 கிலோவுல ரெண்டு ஃபேன் உள்ளதா ஒண்ணு எடுத்தார், இப்பவும் அதுல தான் வேலை பார்க்கிறார். எந்த விமர்சனமும் படிக்கிறதை விட இப்படி ஒரு ரெண்டு நாள் கடன் வாங்கிப் பார்க்கிறது மேல்.

கீபோர்டைப் பத்தி ஒரு முழு நாள் பேசுவேன், ஏன்னா இதைப் பின்னாடி மாத்தவே முடியாது. ரெண்டு விஷயம் இருக்கு. ஒண்ணு ஆழம். பழைய கனமான பிசினஸ் லேப்டாப்ல கீ கிட்டத்தட்ட 2 மில்லிமீட்டர் இறங்கும், இப்ப நல்ல மெல்லிசு லேப்டாப்னா 1.3லேர்ந்து 1.5, அதுவே போதும், ஒரு வாரத்துல கை பழகிடும். 1 மில்லிமீட்டருக்கும் கீழ போனா விரல் நுனி நேரா தகட்டுல மோதும், நாள் முழுக்க தட்டறவங்களுக்கு சாயங்காலம் மூட்டு சொல்லும். 2015ல ஆப்பிள் 12 இஞ்ச் மேக்புக்ல 920 கிராமுக்காக பட்டர்ஃப்ளைன்னு ஒரு கீபோர்ட் வச்சாங்க, ஆழமே கிடையாது, தூசித் துகள் மாட்டினாலே கீ வேலை செய்யாதுன்னு புகார் குவிஞ்சு, 2018ல இலவசமா சரி பண்ணித் தர்ற திட்டமே அறிவிக்க வேண்டி வந்துச்சு, கடைசியில அந்த வடிவத்தையே கைவிட்டுட்டாங்க. மில்லிமீட்டர் கணக்குல மிச்சம் பிடிக்கிறது எங்க போய் நிக்கும்ங்கிறதுக்கு இதை விட நல்ல உதாரணம் கிடையாது.

இன்னொண்ணு அகலம், இதை இங்கிலீஷ் விமர்சனத்துல யாரும் சொல்ல மாட்டாங்க, தமிழ்ல தட்டறவங்களுக்கு இது ரொம்ப முக்கியம். சின்ன உடம்புக்குள்ள கீபோர்டை அடைக்கும்போது எழுத்துக் கீகளை முழு அளவுல விட்டுட்டு வலது ஓரத்துல இருக்கிறதை ஒடுக்குவாங்க, அடைப்புக்குறிக் கீ, மேற்கோள் கீ, சாய்கோட்டுக் கீ, இதெல்லாம். இங்கிலீஷ்காரங்களுக்கு அது எப்பவாவது தொடற கீ. தமிழ்99ங்கிற தமிழ் கீபோர்ட் அமைப்புல தட்டறவங்களுக்கு ச உக்காந்திருக்கிறது சதுர அடைப்புக்குறியில, ய இருக்கிறது மேற்கோள் கீயில, ந அரைப்புள்ளிக் கீயில, ழ சாய்கோட்டுல, ஞவும் அந்த ஓரத்துல தான். ச, ய ரெண்டும் இல்லாம நாலு வார்த்தை எழுத முடியுமா? 11, 12 இஞ்ச் மெஷின் ஒண்ணுல கொஞ்ச நாள் எழுதினப்ப ய போட வேண்டிய இடத்துல எல்லாம் என்டர் விழுந்து வரி உடைஞ்சுட்டே இருந்துச்சு, சுண்டு விரலுக்கு அந்தக் கீ பாதி அகலம் தான். அதுலேர்ந்து கடையில போய் நின்னா நான் முதல்ல பார்க்கிறது அந்த வலது ஓரம், எல் கீக்கு வலப்பக்கம் இருக்கிற ரெண்டு கீயும் மத்ததோட அதே அகலமான்னு. இங்கிலீஷ் எழுத்துல தட்டி தமிழா மாத்திக்கிற ஒலிபெயர்ப்புல தட்டறவங்களுக்கு இந்தத் தொந்தரவு இல்ல. மேல் கீழ் அம்புக்குறிக் கீ ரெண்டையும் ஒரு கீ உயரத்துல அரை அரையா வச்சிருப்பாங்க, பிழை திருத்தறவங்களுக்கு அது எரிச்சல் தான், ஆனா பழகிடும்.

ஸ்கிரீன் அளவு 13, 14 இஞ்ச்னா என் வேலைக்கு சரி, உயரம் தான் பார்ப்பேன், 16க்கு 10 விகிதம் இருந்தா பழைய 16க்கு 9ஐ விட கூடுதலா நாலஞ்சு வரி தெரியும். வெளிய உக்காந்து வேலை பார்க்கிறவங்க 400 நிட்ஸ் வெளிச்சமும் பளபளப்பு இல்லாத மேற்பரப்பும் கேளுங்க. ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளி விடற ஓலெட் ஸ்கிரீன் பார்க்க அருமை, ஆனா வெள்ளைப் பின்னணியில நாள் முழுக்க எழுதறவங்களுக்கு அது பேட்டரியைக் குடிக்கும். வீட்ல இருக்கும்போது வெளி மானிட்டர்ல போட்டுக்குங்க, கழுத்துக்கும் நல்லது, எத்தனை லேசு லேப்டாப்பா இருந்தாலும் குனிஞ்சு பார்க்கிறது குனிஞ்சு பார்க்கிறது தான்.

இப்ப பிரிச்சுப் பார்க்கச் சொன்னேனே, அதுல ரொம்ப கறாரா இருக்க வேண்டிய இடம் ரேம், திறந்து வச்ச வேலையை எல்லாம் அந்த நேரத்துக்கு ஞாபகத்துல வைக்கிற பாகம். எடை குறைஞ்ச லேப்டாப்ல பெரும்பாலும் ரேமை போர்டுலயே கழட்ட முடியாதபடி சால்டர் வச்சுப் பத்த வச்சிருப்பாங்க. அதுக்கு நியாயமான காரணமும் உண்டு, எல்பிடிடிஆர் வகை ரேம் கம்மியா கரெண்ட் இழுக்கும், சிப்புக்குப் பக்கத்துலயே ஒட்டி இருந்தா தான் அந்த வேகத்துல ஓடும், ஸ்லாட் வச்சா உயரமும் ஏறும். 2024ல வந்த இன்டெல் கோர் அல்ட்ரா 200வி வரிசையில ரேம் பிராசசர் சிப்போட பேக்கேஜ் மேலயே வந்துடுச்சு, 16 ஜிபியோ 32 ஜிபியோ, அவ்வளவுதான், நடுவுல எதுவும் கிடையாது. ஆப்பிள் எம் வரிசையும் அப்படித்தான். அதனால வாங்கற அன்னைக்கு எது இருக்கோ அதுதான் மெஷினோட ஆயுசு முழுக்க. வேகமான சிப், கம்மி ரேமா, சுமாரான சிப், கூடுதல் ரேமான்னு வந்தா ரெண்டாவதை எடுங்க, கண்ணை மூடிட்டு. சிப் கொஞ்சம் மெதுவா இருந்தா காத்திருக்கலாம், ரேம் பத்தலைன்னா டேப் மாத்தும்போதெல்லாம் மூச்சுத் திணறும், ஃபைல் சேமிக்கிற எஸ்எஸ்டி மேல எழுதிட்டே இருக்கும். இன்னைக்கு 16 ஜிபி கீழ் எல்லை, அஞ்சாறு வருஷம் வச்சுக்கிறதா இருந்தா 24ஓ 32ஓ.

எஸ்எஸ்டி கதை வேற. பல மாடல்ல அது எம்.2ங்கிற கழட்டி மாட்டற ஸ்லாட்ல தான் இருக்கு, பின்னாடி பெருசா மாத்திக்கலாம், ஆனா அளவைக் கேட்டுக்கணும், 2280ங்கிறது 22 மில்லிமீட்டர் அகலம் 80 நீளம், சில மெல்லிசு மெஷின்ல 2230 தான் நுழையும், அதுல சாய்ஸ் கம்மி. மாத்த முடியாதுன்னா கூட யுஎஸ்பி எஸ்எஸ்டி ஒண்ணு 50 கிராம்ல பையில கிடக்கும். ஸ்டோரேஜுக்குச் செலவழிக்க இருக்கிறதை ரேம்ல போடுங்கன்னு நான் சொல்றது அதனால தான். லேசுன்னாலே எல்லாம் பத்த வச்சே ஆகணும்னும் இல்ல, ஃப்ரேம்வொர்க் 13 இஞ்ச் லேப்டாப் 1.3 கிலோ சுமார், ரேம் ஸ்லாட் இருக்கு, பேட்டரி, கீபோர்ட், போர்ட் எல்லாம் ஒரே ஸ்க்ரூ டிரைவர்ல நீங்களே மாத்தலாம். ஒரு கிலோவுக்கும் 1.3 கிலோவுக்கும் நடுவுல அந்த 300 கிராம் தான் பல பேருக்கு ரிப்பேர் சுதந்திரத்தோட விலை, நான் தூக்கற மாதிரி தினம் தோள்ல தூக்க வேண்டாதவங்க அதைக் கொடுக்கலாம், தயங்க வேண்டியதில்ல.

போர்ட் இல்லைன்னு அழறவங்களுக்கு, இது சமாளிக்க முடியற வகை. முதல் மேக்புக் ஏர்லயே ஒரு யுஎஸ்பி தான், சிடி டிரைவ், நெட்வொர்க் ஒயர் எல்லாம் தனியா வாங்கணும்னு தான் ஆரம்பிச்சாங்க. ஆனா மூணு விஷயம் மட்டும் பாருங்க. யுஎஸ்பி சி குறைஞ்சது ரெண்டு இருக்கணும், ஒண்ணு சார்ஜுக்குப் போனாலும் இன்னொண்ணு மிஞ்சணும், முடிஞ்சா இடது ஒண்ணு வலது ஒண்ணு, பிளக் எந்தப் பக்கம் இருந்தாலும் ஒயரை சுத்தி வளைச்சு இழுக்க வேண்டாம். அந்த யுஎஸ்பி சி படமும் அனுப்புமா, சார்ஜும் ஏத்துமான்னு கேளுங்க, பார்க்க ஒண்ணா இருந்தாலும் சிலது வெறும் டேட்டா தான். அப்புறம் அடிக்கடி போற இடத்துல புரொஜக்டர்ல காட்ட வேண்டியவங்க எச்டிஎம்ஐ மெஷின்லயே உள்ளதா எடுங்க, ஹப் வச்சு சமாளிக்கலாம் தான், ஆனா முப்பது பேர் காத்திட்டிருக்கும்போது ஹப் படம் காட்டாம கண் சிமிட்டும்போது உங்களுக்கு வர்ற வேர்வைக்கு அந்த ஒரு போர்ட் எவ்வளவோ மேல்.

பையில தூங்கற மெஷின் பத்தி ஒண்ணு சொல்லியே ஆகணும். இப்ப வர்ற விண்டோஸ் லேப்டாப் பலதும் மூடியை மூடினா முழுசாத் தூங்கறதில்ல, போன் கணக்கா உள்ள அரைத்தூக்கத்துல மெயில், அப்டேட்னு எதையாவது பார்த்துட்டே இருக்கும். மெல்லிசு மெஷின், காத்துப் புகாத பை, ரெண்டும் சேர்ந்தா எடுக்கும்போது உடம்பு கொதிக்கும், பேட்டரி பாதி போயிருக்கும். மூடியை மூடினா ஹைபர்னேட் ஆகட்டும்னு, அதாவது வேலையை சேமிச்சுட்டு முழுசா அணையட்டும்னு, பவர் செட்டிங்ல மாத்திடுங்க, திறக்கும்போது பத்துப் பதினைஞ்சு வினாடி கூட ஆகும், ஆகட்டும். கூடவே சார்ஜ் 80 சதவீதத்துல நிக்கிற வசதி இருந்தா வீட்ல இருக்கிற நாள்ல போட்டு விடுங்க, சின்ன பேட்டரிக்கு ஆயுசு தான் மிச்சம்.

வெப்கேம் எப்பவும் சுமாராத் தான் இருக்கும், மூடியோட தடிமனே சில மில்லிமீட்டர் தான், போன் கேமரா அளவுக்கு லென்ஸ் வைக்க அங்க இடமே கிடையாது. முக்கியமான கால்னா ஜன்னலைப் பார்த்து உக்காருங்க, வெளிச்சம் பாதியை சரி பண்ணிடும்.

புதுசே வாங்கணும்னு இல்ல. ஆபீஸ்கள்ல மூணு நாலு வருஷம் ஓட்டிட்டு விடற 14 இஞ்ச் பிசினஸ் மாடல்கள் 1.1, 1.2 கிலோவுல கிடைக்கும், கீபோர்ட் நல்லா இருக்கும், பாகம் கிடைக்கும், நான் வச்சிருந்ததுல எனக்கு ரொம்ப உழைச்சது அப்படி எடுத்த ஒண்ணுதான். எடுக்கும்போது ரேம் எவ்வளவுன்னு முதல்ல பாருங்க, மாத்த முடியாதுங்கிறதால 8 ஜிபின்னா எவ்வளவு மலிவா இருந்தாலும் நகர்ந்துடுங்க. அடுத்தது பேட்டரி. விண்டோஸ்ல கமாண்ட் பிராம்ப்ட் திறந்து powercfg /batteryreport அப்படின்னு இங்கிலீஷ்ல தட்டினா ஒரு ஃபைல் உருவாகும், அதுல டிசைன் கெப்பாசிட்டி, ஃபுல் சார்ஜ் கெப்பாசிட்டின்னு ரெண்டு எண் இருக்கும், ரெண்டாவதை முதல்ல உள்ளதால வகுத்தா எத்தனை பங்கு மிச்சம்னு தெரியும். மேக்ல சிஸ்டம் இன்ஃபர்மேஷன்ல பவர் பக்கத்துல பேட்டரி எத்தனை தடவை முழு அளவுக்கு காலியாகி ஏறியிருக்குன்னு சொல்ற சைக்கிள் கவுண்ட் இருக்கும், ஆப்பிள் அவங்க லேப்டாப் பேட்டரிக்குச் சொல்ற கணக்கு 1000 சைக்கிள். 80 சதவீதத்துக்குக் கீழ இருந்தா புது பேட்டரி செலவையும் சேர்த்துக் கணக்குப் போட்டு பேரம் பேசுங்க, டச்பேட் ஒரு பக்கம் தூக்கியிருந்தாலோ மூடினா நடுவுல இடைவெளி தெரிஞ்சாலோ உள்ள பேட்டரி உப்பியிருக்குன்னு அர்த்தம், அதைப் பேரமே பேசாம வச்சுட்டு அடுத்ததைப் பாருங்க.